சங்கீதத்தில் வரும் "சேலா": சத்தமாக வாசிக்க வேண்டுமா?

கேட்டவர்:
ஞாயிறு ஆராதனையில், பைபிளின் பாடல் தொகுப்பான சங்கீதங்களில் 46-ஆம் சங்கீதத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. "யாக்கோபின் தேவன் நமக்கு உயர்ந்த அடைக்கலமானவர்" என்று முடித்த கையோடு அடைப்புக்குள் இருந்த சேலாவையும் கம்பீரமாக வாசித்துவிட்டேன், பின்வரிசையில் ஒரே சிரிப்பு. வீட்டுக்கு வந்து பைபிள் ஆப்பில் தேடினால் ஆதியாகமம் 38-இல் யூதாவின் மகன் பெயர் சேலா, 2 இராஜாக்கள் 14:7-இல் ஏதோமியரிடமிருந்து பிடித்த ஊரும் சேலா! வாட்ஸ்அப் படம் ஒன்று "நின்று தியானி, இதுதான் எபிரெய அர்த்தம்" என்கிறது. எதை நம்புவது?

பதில் 1:
மூன்றும் வேறு வேறு சொற்கள் சிஸ்டர், தமிழ் எழுத்துதான் ஒன்றாக்கிவிட்டது. 119-ஆம் சங்கீதத்தில் எட்டு வசனத்துக்கு ஒருமுறை எபிரெய எழுத்தின் பெயர் தலைப்பாக வருமே, அந்த எழுத்துகளை வைத்துப் பாருங்கள். யூதாவின் மகன் பெயர் ஷீனில் தொடங்கும். ஊரின் பெயர் சாமெக்கில் தொடங்கி ஆயினில் முடியும், அதற்குப் பாறை என்று பொருள். சங்கீதத்துச் சேலா சாமெக்கில் தொடங்கி ஹே எழுத்தில் முடியும். ஆப்புக்கு இதெல்லாம் தெரியாது.

பதில் 2 (கீபோர்ட் வாசிப்பவன்):
கீர்த்தனைப் புத்தகத்தில் "பல்லவி", "சரணங்கள்" என்று போட்டிருப்பதை யாராவது பாடுகிறோமா? அப்படித்தான் இதுவும். எங்கள் சபையில் வாசிக்க மாட்டோம். சேலா வருகிற சங்கீதங்களில் பெரும்பாலானவற்றின் தலைப்பில் "இராகத்தலைவனுக்கு" என்று இருக்கும், அதுவே போதும் இது பாட்டுக்காரர்களுக்கான குறிப்பு என்று சொல்ல.

கேட்டவர்:
சரி பிரதர், அப்போ வாட்ஸ்அப் படம் தப்பா?

பதில் 1:
தப்பு என்று அடித்துச் சொல்ல முடியாது, "இதுதான் அர்த்தம்" என்று அடித்துச் சொல்வதுதான் தப்பு. சங்கீதங்களில் 71 முறை, பைபிளின் ஆபகூக் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் 3 முறை, ஆக 74 இடத்தில் வந்தும் உறுதியான அர்த்தம் கிடைக்கவில்லை. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் "தியாப்சல்மா" என்று போட்டார்கள், பாட்டின் நடுவே வரும் இடையிசை என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் யூதர்களின் அரமேய மொழிபெயர்ப்பு "என்றென்றைக்கும்" என்கிறது, பைபிளை மொழிபெயர்த்த பழங்கால அறிஞர் ஜெரோமும் எபிரெயத்திலிருந்து லத்தீனுக்கு மாற்றியபோது "எப்போதும்" என்றே எழுதினார். உயர்த்து என்ற வேர்ச்சொல்லோடு இணைத்து, குரலை உயர்த்து, வாத்தியத்தை ஓங்கி வாசி என்று சொல்கிறவர்களும் உண்டு. நிறுத்தம் என்பதும் ஓர் ஊகம்தான். 46-இல் 7, 11 இரண்டு வசனங்களிலும் திரும்ப வரும் அடிக்குப் பிறகு வருவதால் அது அழகாகப் பொருந்தும், ஆனால் 57:3-இல் வசனத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறது, அங்கே எதற்கு நிறுத்தம்? என் சாய்வு இசைக்குறிப்பு பக்கம்தான்.

கேட்டவர்:
தெளிவாகிவிட்டது. அடுத்த முறை எனக்கு 9-ஆம் சங்கீதம், அதில் 16-ஆம் வசனத்தில் "இகாயோன், சேலா" என்று இரண்டும் சேர்ந்து நிற்கிறது, மறுபடியும் சிரிப்பார்களோ!

பதில் 1:
இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போங்கள். வேடிக்கை என்னவென்றால் வாட்ஸ்அப் படம் தேடுகிற தியானம் இகாயோனில்தான் இருக்கிறது. 19:14-இல் "என் இருதயத்தின் தியானம்" என்பது அதே சொல், 92:3-இல் அதுவே சுரமண்டலம் என்ற தந்தி வாத்தியத்தோடு வருகிறது.

பதில் 2:
அப்போ இகாயோனும் எங்கள் ஆளுதான் 😄