மறுமொழி: 'ஓவர்ஸ்கொயர்' எஞ்சினுக்குத் தமிழில் என்ன? (பழைய டாட்சன்களை வைத்து ஒரு சோதனை)

அனைவருக்கும் வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. உருளையின் (சிலிண்டரின்) விட்டம், அதற்குள் பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரமான வீச்சைவிடப் பெரிதாக இருக்கும் எஞ்சினைத்தான் 'ஓவர்ஸ்கொயர்' என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக இதுவரை வந்த சொற்கள் மூன்று: மிகைச்சதுரம், குறுவீச்சு, அகல்வாய். மூன்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினால் இது முடியாது. உண்மையான ஒரு எஞ்சின் குடும்பத்தின் மேல் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்போம். 1957 முதல் டாட்சன் கார்களிலும் பிக்கப்களிலும் வந்த நிஸானின் 'ஸ்டோன் எஞ்சின்' வரிசையை எடுத்துக்கொள்கிறேன். விட்டமும் வீச்சும் மாறி மாறி விளையாடிய குடும்பம் அது.

கதை சுருக்கமாக. 1952 இறுதியில் நிஸான் பிரிட்டனின் ஆஸ்டினோடு ஒப்பந்தம் போட்டு முதலில் ஏ40, பிறகு ஏ50 கார்களை ஜப்பானில் கட்டியது. ஏ50-இன் எஞ்சின் 1,489 சிசி. உருளை விட்டம் 73 மி.மீ., வீச்சு 88.9 மி.மீ. (நம்ம ஊர் அம்பாசடரில் இசுசு எஞ்சின் வருவதற்கு முன்பு ஓடியதும் இதே 1,489 சிசி எஞ்சின்தான். அந்த வகையில் அம்பாசடரும் டாட்சனும் பங்காளிகள்.) டாட்சன் காருக்கு ஒரு லிட்டர் அளவில் புது எஞ்சின் தேவைப்பட்டபோது, வில்லிஸ் ஓவர்லேண்டில் வேலை பார்த்த டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளரை நிஸான் ஆலோசகராக வைத்துக்கொண்டது. புதிதாக வரைய வேண்டாம், கையில் இருக்கும் ஆஸ்டின் எஞ்சினின் வீச்சைக் குறையுங்கள், போதும் என்றார் அவர். விட்டம் அதே 73. வீச்சு 59. கொள்ளளவு 988 சிசி. உருளைகளின் விட்டமும் இடைவெளியும் மாறாததால் பிளாக்கைக் கடையும் இயந்திரங்களை அப்படியே பயன்படுத்த முடிந்தது. டாட்சன் 210-இல் வந்த இந்த 'சி' எஞ்சின் 34 குதிரைத்திறன் கொடுத்தது. 1958-இல் ஆஸ்திரேலியாவைச் சுற்றிய மொபில்காஸ் போட்டியில் தன் பிரிவில் வென்ற 'ஃபுஜி' என்ற டாட்சனில் இருந்ததும் இதுதான்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> மிகைச்சதுரம் என்றே வைத்துவிடலாம். உலகம் முழுக்கச் சதுரம் என்றுதானே சொல்கிறார்கள்?

ஐயா, சதுரம் எங்கே இருக்கிறது? உருளையைப் பக்கவாட்டில் வெட்டி, பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தை மட்டும் தாளில் வரைந்தால் விட்டமும் வீச்சும் இரண்டு பக்கங்களாக நிற்கும். அந்தப் படம் மனத்தில் இருப்பவருக்கு மட்டுமே சதுரம் புரியும். இல்லாதவருக்கு 'மிகைச்சதுரம்' என்றால் சதுர வடிவ பிஸ்டனோ என்று தோன்றும். அதோடு மிகுவது எது என்பதையும் அந்தச் சொல் சொல்லவில்லை. இதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

> குறுவீச்சு / நெடுவீச்சு அழகான இணை. குறில் நெடில் போல. பட்டறையிலும் லாங் ஸ்ட்ரோக், ஷார்ட் ஸ்ட்ரோக் என்றுதான் பேச்சு.

அழகுதான், மறுக்கவில்லை. 70-க்கு 90 என்ற பழைய புல்லட் 350-ஐ 'லாங் ஸ்ட்ரோக்' என்று சொல்லாத மெக்கானிக் உண்டா? ஸ்டோன் எஞ்சினுக்கும் குறுவீச்சு கச்சிதமாகப் பொருந்துகிறது, அவர் குறைத்ததே வீச்சைத்தானே. சிக்கல் அடுத்த தலைமுறையில் வருகிறது. சி-க்குப் பிறகு வந்த இ1 எஞ்சினில் வீச்சு 71 ஆனது (1,189 சிசி, டாட்சன் 320 பிக்கப்பில் இருந்தது). அப்புறம் 520 பிக்கப்பில் வந்த ஜே13-இல் 77.6 ஆனது (1,299 சிசி). மூன்றிலும் விட்டம் அதே 73. இதற்குப் பிறகு வந்த ஜே15-ஐப் பாருங்கள். வீச்சு அதே 77.6, ஆனால் விட்டத்தை 78 ஆக்கிவிட்டார்கள் (1,483 சிசி). ஜே13-இல் வீச்சு பெரியது, ஜே15-இல் மயிரிழையில் விட்டம் பெரியது. ஒன்று நெடுவீச்சு என்றால் மற்றது குறுவீச்சாகிவிடுகிறது. ஆனால் இரண்டின் வீச்சும் ஒரே 77.6! இதை ஒரு ஐடிஐ மாணவனுக்கு எப்படி விளக்குவது?

அகல்வாய்க்கும் இதே கதிதான், திசை மட்டும் வேறு. ஜே15-க்கு அது சரியாக இருக்கும். ஆனால் ஆஸ்டின் எஞ்சினுக்கும் சி எஞ்சினுக்கும் வாய் ஒரே 73. ஒன்றை மட்டும் அகல்வாய் என்று எப்படி அழைப்பது?

ஆக, சொல் இரண்டில் ஒன்றை மட்டும் குறிக்கக் கூடாது, இரண்டையும் ஒப்பிட வேண்டும். என் முன்மொழிவு: விட்டமிகு எஞ்சின், வீச்சுமிகு எஞ்சின். எது மிகுதியோ அதன் பெயர். இரண்டும் சமமானால் ஒத்தளவு எஞ்சின். இந்த மூன்றாவது கொஞ்சம் சோகையாக இருக்கிறது என்பது எனக்கே தெரிகிறது. நல்லதாக ஒன்று கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். விட்டம் என்றால் வீட்டு உத்தரமும்தான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: எஞ்சினுக்குள் யாரும் உத்தரத்தைத் தேட மாட்டார்கள்.

இ1-ஐயும் சி-யையும் ஒரே பெயரில் அடைக்கலாமா என்று போன மடலில் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அதற்கு இன்னொரு பெயர் தேவையில்லை, விகிதத்தைக் கொடுத்தால் போதும். விட்டத்தை வீச்சால் வகுத்தால் ஆஸ்டின் 0.82, ஜே13 0.94, ஜே15 1.005, இ1 1.03, சி 1.24. இதை 'விட்ட-வீச்சு விகிதம்' என்று தனிப் பதிவாகவே சேர்க்கலாம். 1966-இல் சன்னி என்ற டாட்சன் காருக்காக முற்றிலும் புதிதாக வடிவமைத்த ஏ10 எஞ்சினும் இதே 73-க்கு 59, இதே 988 சிசி. எஞ்சின் வேறு, விகிதம் ஒன்று. ஆக இந்தப் பெயர் குடும்பம் தாண்டியும் நிற்கும்.

விளக்கக் குறிப்பில் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றும் இரண்டு வரி வேண்டும். நிமிடத்துக்கு 4,000 சுழற்சியில் ஆஸ்டின் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 11.9 மீட்டர், சி எஞ்சினில் 7.9 மட்டுமே. அதனால் விட்டமிகு எஞ்சின் கூடுதல் சுழற்சியைத் தாங்கும். விட்டம் பெரிதாக இருந்தால் வால்வுகளுக்கும் இடம் தாராளம். பிரிட்டனில் வாகன வரியை ஒரு காலத்தில் உருளைகளின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துப் போட்டார்கள். வீச்சுக்கு வரி இல்லை. அதனால் விட்டத்தைச் சுருக்கி வீச்சை நீட்டுவது அங்கே பழக்கமாயிற்று. 1940களின் பிற்பகுதியில் அந்த வரிமுறை போன பிறகும் பழக்கம் சட்டென்று போகவில்லை.

> வீச்சு என்பது இயற்பியலில் ஆம்ப்ளிட்யூட் அல்லவா? குழப்பம் வராதா?

இந்த இழையில் வந்த எதிர்ப்புகளில் கனமானது இதுதான். பள்ளி இயற்பியலின்படி வீச்சு என்பது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் போகும் தூரம். அப்படிப் படித்தவர் '59 மி.மீ. வீச்சு' என்றால் பிஸ்டன் மொத்தம் 118 மி.மீ. நகர்கிறது என்று கணக்குப் போடலாம். ஆனால் அதே பள்ளியில் புள்ளியியல் பாடத்தில் வீச்சு என்றால் பெரிய மதிப்புக்கும் சிறிய மதிப்புக்கும் உள்ள வேறுபாடு. பிஸ்டனுக்கு நமக்கு வேண்டிய பொருள் அதுதான், மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் உள்ள தூரம். 'அடிப்பு' என்று மாற்றலாம் என்றார்கள். 'அடிப்புமிகு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்காரன் பெயர் மாதிரி இருக்கிறது. மி.மீ. அளவைத் தரும் இடத்தில் மட்டும் 'வீச்சு நீளம்' என்று எழுதினால் குழப்பம் வராது. மற்ற இடங்களில் வீச்சே இருக்கட்டும்.

குறுவீச்சுக்காரர்கள் கோபிக்க வேண்டாம். ஒரு எஞ்சினின் வீச்சைக் குறைத்து இன்னொன்றை உருவாக்கினால், ஸ்டோன் செய்தது போல, அதைக் 'குறுவீச்சு வடிவம்' என்று சொல்வதில் தவறே இல்லை. அது தாய் எஞ்சினோடு ஒப்பிடும் சொல். விட்டமிகு என்பது எஞ்சினின் சொந்த விட்டத்தையும் வீச்சையும் ஒப்பிடுவது. ஜே13-ஐ ஆஸ்டினின் குறுவீச்சு வடிவம் என்றும் சொல்லலாம், வீச்சுமிகு எஞ்சின் என்றும் சொல்லலாம், முரண் இல்லை.

பதிவுக்கான எடுத்துக்காட்டு வாக்கியம்: "ஆஸ்டினின் வீச்சுமிகு எஞ்சினிலிருந்து பிறந்த டாட்சன் 210-இன் எஞ்சின், 59 மி.மீ. வீச்சு நீளம் கொண்ட விட்டமிகு எஞ்சின்." மாற்றுச் சொல் வைத்திருப்பவர்கள் அதை ஜே13, ஜே15 இரண்டின் மேலும் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.