போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தங்கைக்கு எந்த மாதிரி நேர்மறை வாக்கியம் உதவும்?

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். தோழி சொன்னாள் என்று தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் திறமைசாலி, கண்டிப்பாக ஜெயிப்பேன்" என்று சொல்லிக்கொள்கிறாள். ஆனால் சொல்லி முடித்ததும் முகம் வாடிவிடுகிறது. "பொய் சொல்ற மாதிரி இருக்குக்கா" என்கிறாள்.

எனக்குக் கவலையாகி, இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கனடா உளவியலாளர் ஜோஆன் வுட்டும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தங்களைத் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரிய மனிதர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது, அவர்கள் மனநிலை இன்னும் சோர்ந்துதான் போனதாம். நம்ப முடியாத வாக்கியம் என்றால் மனசு உடனே எதிர்வாதம் செய்கிறது. என் தங்கைக்கும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அப்புறம், அமெரிக்க உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988இல் எழுதிய "சுய உறுதிப்பாடு" (self-affirmation) என்ற கோட்பாட்டையும் அதை ஒட்டி வந்த ஆய்வுகளையும் பார்த்தேன். அவற்றில் தற்புகழ்ச்சியே இல்லை. குடும்பம், நட்பு, நேர்மை என்று தனக்கு எது முக்கியமோ அதை எடுத்துக்கொண்டு, ஏன் முக்கியம் என்று சில வரிகள் எழுத வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

யாராவது இப்படி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? படிக்க உட்காரும் முன்பா, இரவிலா? "ஜெயிப்பேன்" என்பதற்குப் பதிலாக "இன்று அரசியலமைப்பில் ஒரு பாடம் முடிப்பேன்" என்று சொன்னால் பலன் இருக்குமா? உங்களுக்குக் கைகொடுத்த வாக்கியத்தை அப்படியே போடுங்கள், அவளிடம் காட்டுகிறேன். மதுரைப் பக்கம் பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகர் தெரிந்தாலும் சொல்லுங்கள். அவளுக்குத் தூக்கமும் குறைந்துவிட்டது.