நான் சரியாக லேபிள் எழுதாத பாட்டிலால் சீனியரின் செல்கள் செத்துப்போயின. எப்படிச் சொல்வது?

மூன்றாமாண்டு_மாணவன் எழுதியது:

இளங்கலை உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன். நான்கு மாதமாக ஓர் ஆய்வகத்துக்கு வாரம் மூன்று நாள் போய் வருகிறேன். போன வாரம் பிபிஎஸ் (செல்களைக் கழுவும் உப்புக் கரைசல்) தீர்ந்துவிட்டது, போட்டு வை என்றார்கள். பத்து மடங்கு அடர்த்தியான ஸ்டாக்காக (10 எக்ஸ்; நீர் சேர்த்து 1 எக்ஸ் ஆக்கித்தான் பயன்படுத்த வேண்டும்) போட்டேன், அதாவது ஒரு லிட்டருக்கு 80 கிராம் உப்பு. ஆட்டோகிளேவில் நீராவியால் கிருமி நீக்கி முடிந்ததும் டேப் ஒட்டி வெறும் 'பிபிஎஸ்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டேன். 10 எக்ஸ் என்று எழுதவில்லை. தேதியும் இல்லை, என் பெயரும் இல்லை.

எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கும் பிஎச்டி அக்கா அந்தப் பாட்டிலை 1 எக்ஸ் என்று நினைத்து எடுத்துச் செல்களைக் கழுவியிருக்கிறார். மறுநாள் ஃபிளாஸ்க்கில் எல்லாம் மிதக்கிறது. டிரிப்சின் (ஒட்டிய செல்களைப் பிரித்தெடுக்கும் நொதி) அதிக நேரம் வைத்துவிட்டேனோ என்று மறுபடி செய்தார், அதுவும் போய்விட்டது. இப்போது செல் வளர்க்கும் இன்குபேட்டர் மேல் சந்தேகம், மைக்கோபிளாஸ்மா (செல்களைத் தொற்றும் ஒருவகை பாக்டீரியா) சோதனைக்கும் கொடுக்கப் போகிறார். நேற்று இரவு என் லேப் நோட்டைப் புரட்டும்போதுதான் எனக்கு உறைத்தது. யாருக்கும் இன்னும் தெரியாது. புதுப் பாட்டில் போட்டு அந்த இடத்தில் வைத்துவிட்டால் பிரச்சினை தானாகவே நின்றுவிடும் என்றும் ஒரு எண்ணம் வருகிறது. சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தூக்கமே இல்லை.

இன்னொரு கேள்வி. இந்த நான்கு மாதத்தில் நான் எடுத்த ஒரு வரைபடத்தைக் கல்லூரிக் கருத்தரங்கில் காட்டலாமா? நான் செய்த வேலைதானே?

---

இரவுக்கல்ச்சர்:

தம்பி, இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால் போன் செய்யுங்கள். அந்த அக்கா இப்போது இல்லாத காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்ததாகச் செல்களுக்கு ஊட்டமாகச் சேர்க்கும் நல்ல சீரத்தைக் கொட்டுவார், இன்குபேட்டரைக் காலி செய்து துடைப்பார், உறைநிலையில் வைத்திருக்கும் பழைய செல் குப்பியை உருக்குவார். அந்தக் குப்பி நாலைந்துதான் இருக்கும். நீங்கள் வாய் திறக்காமல் இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர் கணக்கில்தான் கழிகிறது.

பாட்டிலை மாற்றி வைக்கும் எண்ணத்தை அடியோடு விட்டுவிடுங்கள். லேபிள் எழுத மறந்தது தவறு, யாருக்கும் நடக்கும். தெரிந்தபின் மாற்றி வைப்பது மறைப்பது. முதலாவதற்குத் திட்டு விழும், இரண்டாவது தெரியவந்தால் அதன்பின் நீங்கள் தரும் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதோடு, நீங்கள் மாற்றி வைத்துச் செல்கள் பிழைத்துக்கொண்டால், இன்குபேட்டரைச் சுத்தம் செய்ததால்தான் சரியானது என்று அவர் நோட்டில் எழுதிவைப்பார். அடுத்து வருகிறவர்கள் அதைப் படித்து நம்புவார்கள்.

எப்படிச் சொல்வது என்றால், சுற்றி வளைக்காமல்: "அக்கா, போன வாரம் நான் போட்ட பிபிஎஸ் 10 எக்ஸ். பாட்டிலில் அதை எழுதவில்லை. நீங்கள் எடுத்தது அதுதான் என்று நினைக்கிறேன். பாட்டில் அப்படியே இருக்கிறது." அவ்வளவுதான். பரீட்சை இருந்தது, வகுப்பு இருந்தது என்பதெல்லாம் அவர் கேட்டால் சொல்லலாம்.

நான் முதுகலையில் இரண்டு பிரைமர் (டிஎன்ஏவை நகலெடுக்கப் பயன்படும் சிறு துண்டு) குழாய்களின் மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன். பெயர் மூடியில் மட்டும்தான் எழுதியிருந்தேன். தெரிந்ததும் சொல்ல பதினொரு நாள் எடுத்துக்கொண்டேன். என் வழிகாட்டி மூடி மாறியதற்கு ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அந்தப் பதினொரு நாளைப் பற்றித்தான் கேட்டார். இன்றும் அது நினைவுக்கு வந்தால் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து குழாயின் உடம்பிலும் எழுதுகிறேன்.

---

பழைய_பிப்பெட்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு விஷயம். செறிவு எழுதாத பாட்டிலை எடுத்துச் செல்லில் ஊற்றியது அந்தச் சீனியரின் தவறும்தான். நான்கு மாத மாணவனுக்கு லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? சொல்லாவிட்டால் அது ஆய்வகத்தின் குறை. இதை நீங்கள் முதல் பேச்சில் சொல்லாதீர்கள், பழியைத் திருப்புவதுபோல் ஆகிவிடும். ஆனால் உள்ளுக்குள் முழுப் பாரத்தையும் நீங்களே சுமக்க வேண்டாம்.

நோட்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. பழைய பக்கத்தில் எதையும் சேர்க்காதீர்கள், ஒயிட்னர் வேண்டவே வேண்டாம், பக்கத்தைக் கிழிப்பது அதைவிட மோசம். தவறாக எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் இனிஷியலும் தேதியும். இன்று தெரிந்ததை இன்றைய தேதியில் புதுப் பக்கத்தில் எழுதுங்கள்: எந்தப் பாட்டில், எப்போது போட்டது, என்ன எழுதாமல் விட்டது, யாரிடம் எப்போது சொன்னது. பாட்டிலில் இருக்கும் டேப்பை உரிக்காமல் 'பயன்படுத்தாதே' என்று இன்னொன்றை ஒட்டுங்கள்.

முதலில் அக்காவிடம், பிறகு அவரோடு சேர்ந்தே பேராசிரியரிடம். நேராகப் பேராசிரியரிடம் போனால், தன் தலைக்கு மேல் போய்விட்டான் என்று அவருக்கு வருத்தம் வரும்.

---

சென்ட்ரிஃபியூஜ்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கேட்காமல் காட்டாதீர்கள். வேலை உங்கள் கையால் நடந்தது சரி, ஆனால் திட்டம், செல் வரிசை (ஆய்வகம் தொடர்ந்து வளர்த்துவரும் செல் வகை), பணம், மற்றவர்கள் செய்து வைத்த பாதி வேலை எல்லாம் அந்த வரைபடத்துக்குள் இருக்கிறது. வெளியாகாத முடிவு குழுவுக்குச் சொந்தம். கருத்தரங்கில் யாராவது போன் எடுத்துப் படம் பிடித்தால் அது வெளியே போய்விட்டது என்றே அர்த்தம். ஆய்வில் எடுத்த ஜெல் படத்தை (டிஎன்ஏ அல்லது புரதப் பட்டைகள் தெரியும் படம்) ஸ்டேட்டஸில் போடுவதும் இதே கதைதான். பேராசிரியருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் போடுங்கள், எந்த வரைபடம், எங்கே, எந்தத் தேதி என்று. பெரும்பாலும் சரி என்பார்கள், சில சமயம் அச்சுகளில் பெயரை எடுத்துவிட்டுக் காட்டு என்பார்கள்.

பின்னால் கட்டுரையில் பெயர் வருமா என்ற கேள்வியும் உங்களுக்கு வரும், அதனால் இப்போதே சொல்கிறேன். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி ஆசிரியர் ஆக நான்கு நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும்: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, கடைசிப் பிரதிக்கு ஒப்புதல், வேலையின் நேர்மைக்குப் பதில் சொல்லும் பொறுப்பு. பிபிஎஸ் போன்ற கரைசல் (பஃபர்) போட்டதற்கு நன்றியுரையில் பெயர் வரும். உங்கள் தரவு உள்ளே போனால், எழுதும் கட்டத்தில் நானும் இருக்கலாமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அந்த நான்காவது நிபந்தனைக்காகத்தான் இந்தப் பாட்டில் விஷயத்தை நீங்கள் சொல்லியாக வேண்டும் என்பது என் எண்ணம்.

---

மூன்றாமாண்டு_மாணவன்:

சொல்லிவிட்டேன். காலை எட்டரைக்கே போய் கல்ச்சர் அறை வாசலில் நின்றேன். அக்கா ஒரு நிமிடம் பேசவில்லை, பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தார். அப்புறம் மீதியிருந்த ஒரு கிண்ணத்துச் செல்லில் அதிலிருந்து கொஞ்சம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். விரிந்து ஒட்டியிருந்த செல்கள் என் கண் முன்னாலேயே தண்ணீர் இழந்து சுருங்கி, ஓரம் எல்லாம் முள் முள்ளாக ஆகிவிட்டன. "இதைத்தான் நான் மூன்று நாளாகத் தேடினேன்" என்றார். கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. மைக்கோபிளாஸ்மா சோதனையை நிறுத்திவிட்டார். மதியம் இருவரும் பேராசிரியரிடம் போனோம். வெளியே போ என்று சொல்லவில்லை. வரும் குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பற்றி நானே பேச வேண்டும் என்றார். கருத்தரங்கு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை.

நேற்று பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி, மனதார. ஒரு சந்தேகம்: புதுப் பாட்டிலில் பெயர், செறிவு, தேதி, இனிஷியல், ஆட்டோகிளேவ் ஆனதா என்பது எல்லாம் எழுதினேன், ஹூடுக்குள் (கிருமி புகாமல் வேலை செய்யும் பெட்டி) வைக்கும்முன் 70 சதவீத எத்தனாலால் துடைத்ததும் மார்க்கர் எழுத்து அழிந்துவிட்டது. என்ன செய்வது?

---

பழைய_பிப்பெட்:

நல்ல காரியம் செய்தீர்கள். டேப்பில் பென்சிலால் எழுதுங்கள், எத்தனாலுக்கு அழியாது. மார்க்கர்தான் வேண்டுமென்றால் எழுத்தின் மேல் ஒளிபுகும் டேப் ஒன்று ஒட்டிவிடுங்கள். மூடியில் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள், இரவுக்கல்ச்சர் சொன்ன கதை ஞாபகம் இருக்கட்டும். குழுக் கூட்டத்துக்கு அந்த முள் முள்ளான செல்லைப் படம் எடுத்து வையுங்கள், அக்காவிடம் கேட்டுவிட்டு.