பழைய இடங்களின் தகவல் பலகையில் எழுதாததை உங்களுக்கு யார் காட்டினார்கள்?

தாரமங்கலத்து மருமகன்:
கல்யாணமாகி ஒன்பது வருடம். மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கைலாசநாதர் கோயிலுக்கும் ஒரு நடை போய்வருவேன். இந்தப் பக்கத்தை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது, மேற்குப் பார்த்த சன்னிதி. இதோடு என் சரித்திர அறிவு தீர்ந்துவிடும்.

போன முறை மகளையும் கூட்டிப் போயிருந்தேன். வாலியும் சுக்ரீவனும் மோதும் தூணை நான் போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, மண்டபம் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். "இங்கிருந்து பாத்தா என்ன தெரியும் கண்ணு? ராமர் நிக்கற எடத்துக்கு வா" என்று மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ராமன் வில்லோடு நிற்கும் தூணருகே நின்றால் வாலி தெரிகிறான். வாலியிடம் வந்து திரும்பினால் ராமனைக் காணோம். அங்கும் இங்குமாக நாலு நடை நடந்து பார்த்தேன், அப்போதும் காணோம். மகள் கேட்டாள்: "அப்போ ராமர் ஒளிஞ்சிருந்தா அடிச்சாரு?" அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அத குருக்கள்கிட்ட கேளு சாமி" என்று விளக்குமாற்றை எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வருடமாக அந்தத் தூணைக் கடந்து போய்க்கொண்டிருந்தவன் நான். உங்களுக்கும் இப்படி யாராவது காட்டியிருப்பார்களே, எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி:
எனக்குக் காட்டியவர் ஏற்காட்டில் ஒரு தாத்தா. மலையாளி. (கேரளக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் மலைப் பழங்குடிகளுக்கு அதுதான் பெயர், பேசுவது தமிழ்.) இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிவந்து ஏரியில் படகு விட்டுவிட்டு இறங்குகிற கூட்டத்தில்தான் நானும் பல வருடம் இருந்தேன். அந்த முறை காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் வரை நடந்தேன்.

மரத்தடியில் பிள்ளையார். அவரைச் சுற்றி ஏழெட்டுக் கருங்கற்கள், எண்ணெய் ஊறி மினுமினுவென்று. ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். ஒரு முனை குறுகலாக, மறுமுனை தட்டையாகத் தீட்டியிருந்தது. அட, இதை மியூசியத்தில் பார்த்திருக்கிறேனே! புதிய கற்காலக் கோடரி. அங்கே கண்ணாடிக்கு உள்ளே, இங்கே குங்குமத்தோடு.

"மழ பேஞ்சா நெலத்துல கெடைக்கும். கெடைச்சா இங்க கொண்டாந்து வெச்சிருவோம்" என்றார் தாத்தா. தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "செருப்பக் கழட்டிட்டு எடுங்க."

எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். விளிம்பில் விரலை ஓட்டினால் வெட்டவில்லை, ஆனால் வெட்டுவதற்கென்று செய்த கல் என்று விரலுக்கே தெரிகிறது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் ராபர்ட் புரூஸ் ஃபூட் அகப்பட்டார். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். ஓய்வுக் காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்திருக்கிறார். அவர் சேர்த்த கற்கள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் திரட்டிய பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். அந்தப் பெரியவர் 1882இல் காலமானதும் ஏற்காட்டில்தான். சேலத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இந்த இரண்டு பெயரும் நாற்பது வயதில்தான் தெரிந்தன. பள்ளியில் எங்களை ஏற்காட்டுக்கு மூன்று முறை சுற்றுலா கூட்டிப் போனார்கள், மூன்று முறையும் லேடீஸ் சீட்டும் பகோடா பாயிண்டும்தான்.

செவ்வாய்ப்பேட்டை:
சங்ககிரிக் கோட்டை. சித்திரை வெயிலில், பதினோரு மணிக்கு, அரை லிட்டர் தண்ணீரோடு ஏறிய அறிவாளி நான். நாலாவது வாசலிலேயே பாட்டில் காலி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் தூக்குப் போசியிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "தீரன் சின்னமலையத் தூக்குல போட்ட கோட்டைங்கண்ணா இது. ஆடிப் பதினெட்டுக்கு வாங்க, ஊரே வரும்" என்றான். 1805 என்று வருடம் சொன்னது நான். மற்றதெல்லாம் அவன்தான். உச்சிக்கு நான் போகவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேட்டூர்:
எனக்கு யாரும் எதுவும் காட்டவில்லை! 1934இல் அணை கட்டி முடித்தபோது முழுகிப்போன ஊர்களில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் ஒரு தேவாலயக் கோபுரமும் உண்டு. நீர்மட்டம் நன்றாக இறங்கினால்தான் பண்ணவாடிப் பக்கம் தலை காட்டும். மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் கடல் மாதிரி தண்ணீர். பரிசல்காரர் கையை நீட்டி, "அங்கதாங்க நந்தி" என்றார். நானும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினேன்.

தாரமங்கலத்து மருமகன்:
செவ்வாய்ப்பேட்டை அண்ணா, ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரி போகலாமா? விடியற்காலையில் ஏறிவிடுவோம். தண்ணீர் நான் கொண்டுவருகிறேன், உங்களை நம்ப மாட்டேன்.