கல்லில கிடக்கிறது காலடியோ, வெறும் குழியோ? பாத்தவை எழுதுங்கோ

புத்தூரான்:
கீரிமலைக் கரைப்பாறையில விரல் பதிஞ்ச மாதிரிக் கிடக்கிற குழிகளைக் காட்டி, என்ன மிருகத்தின்ர காலடி எண்டு கேக்கிறவை கனபேர். காலடியே இல்லை. எங்கட யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தில (ஏறத்தாழ 2.3 கோடியில இருந்து 53 இலட்சம் ஆண்டுக்கு முந்தின காலம்) கடலுக்கடியில படிஞ்சது. சிப்பியும் முருகைக்கல்லும் கிடைக்கும், மிருகம் மிதிச்ச சேறு கிடைக்காது. கரியமிலவாயு கரைஞ்ச மழைத்தண்ணி அரிச்ச குழிதான் அது. நிலாவரைக் கிணறும் அந்த அரிப்பால வந்ததுதான்.

உள்ளுக்க விரலை விட்டுப் பாருங்கோ: அடி அகண்டு, பக்கத்துக் குழியோட தொடுத்து, விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். உண்மையான காலடியில சேறு பிதுங்கி விளிம்பில வரம்பு கட்டியிருக்கும். கல் உடைஞ்ச முகத்தில பாத்தால் படைகள் கீழ வளைஞ்சு போகும். அரிச்ச குழியில படை அறுந்து நிக்கும்.

வல்லைவெளி:
ஒற்றைக் குழியையும் நம்பாதேங்கோ அண்ணை. இடம், வலம், திரும்ப இடம் எண்டு குறைஞ்சது மூண்டு தடம் வரிசையா வேணும். நாலுகாலியெண்டால் முன்னங்காலும் பின்னங்காலும் சோடி சோடியா வரும், அநேகமா.

வரிசை இருந்தும் ஏமாந்தவை இருக்கினம். ஜெர்மனியில ஹில்ட்பர்க்ஹவுசனில 1830களில கிடைச்ச கிரோத்தேரியம் எண்ட பழங்கால ஊர்வனத் தடம் அசல் மனுசக் கை மாதிரி. 'பெருவிரல்' வெளிப்பக்கம் நிண்டதால, மிருகம் காலைப் பின்னிப் பின்னி நடந்தது எண்டுகூட விளக்கம் சொன்னவை. அது பெருவிரலே இல்லை, 5ஆம் விரல். ஆதி நாலுகாலியின்ரது எண்டு சொன்ன போலந்தின்ர சாகெல்மியே தடங்கள் (ஏறத்தாழ 39 கோடி ஆண்டு, 2010இல வெளிவந்தது) மீன் தோண்டின குழி எண்டு வாதாடுறவையும் உண்டு.

கல்லுக்கிடங்கு:
எரிமலைக் கல்லில தடம் எண்டால் குழம்பில இல்லை, சாம்பலில. மனுச மூதாதையின்ர காலடி கிடைச்ச தான்சானியா லேட்டோலியில 36.6 இலட்சம் ஆண்டுக்கு முந்தின சாம்பல் லேசான மழையில நனைஞ்சு, காய்ஞ்சு, சீமெந்து மாதிரி இறுகினது. மேல புதுச் சாம்பல் விழுந்து மூடினது. மழை பெலத்திருந்தால் எல்லாம் கரைஞ்சோடியிருக்கும். தோண்டிப் பாத்திட்டு 1979இல திரும்ப மூடின மண்ணில வேலமர வித்துகள் கிடந்து முளைச்சு, வேர் தடத்துக்குள்ள இறங்கப் பாத்ததால, 1990களில கிண்டி மரங்களை எடுத்துத் திரும்ப மூடவேண்டி வந்தது.

புத்தூரான்:
படம் எடுக்கிறவைக்கு: உச்சி வெயிலில தடம் தெரியாது. பின்னேரம் எடுங்கோ, இல்லாட்டி ரோச்சை நிலத்தோட சரிச்சுப் பிடியுங்கோ. வெளிச்சம் படத்தின்ர மேல் இடப்பக்கத்தால வரட்டும். கீழால வந்தால் பள்ளம் மேடாத் தெரியும். முப்பரிமாண மாதிரி செய்யிறதெண்டால் இதுக்கு நேர்மாறு: குடை பிடிச்சு நிழலாக்கி, ஒரு படத்தில முக்கால்வாசி அடுத்ததிலயும் விழச் சுத்திவர எடுக்கவேணும். அடிமட்டத்தைத் தடத்துக்குள்ள வையாதேங்கோ, பக்கத்தில.

பிளாஸ்டர் ஊத்தவே வேண்டாம், கழட்டேக்க விளிம்பும் சேர்ந்து வரும். தெளிஞ்ச பொலித்தீனை விரிச்சு மாக்கரால கீறுங்கோ. மேல்படை தேய்ஞ்ச இடத்தில தெரியிறது அதுக்குக் கீழ இருக்கிற படையின்ர அமுக்கம் மட்டும். அதில பாத நீளம் அளந்து உயரம் கணக்கிட்டால் பிழைக்கும்.