கூட்டம் வடிந்த பிறகு எல்லோஸ்டோன்: போனவர்கள் சொல்லுங்கள்

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் கூட்டம் குறைந்த பருவத்தில் போன அனுபவத்தை ஒவ்வொருவராகக் கீழே எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன். ஒருமுறை ஜூலையில் போய், வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் சுற்றியவள் நான். அதனால் அடுத்த முறை வேண்டுமென்றே அக்டோபர் முதல் வாரத்துக்குத் தள்ளிப்போட்டேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஐந்து மணி நேர ஓட்டம். கணவர், நான், ஊரிலிருந்து வந்திருந்த அப்பா.

அப்பா ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "கீசர் பார்க்கப் போறோம்ப்பா" என்றேன், பூமிக்குள்ளிருந்து அவ்வப்போது பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்றைத்தான் சொன்னேன். "அதான் நம்ம பாத்ரூம்லயே இருக்கேம்மா" என்றார். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற கீசர் அடுத்து எப்போது பீறிடும் என்று அங்கே நேரம் போட்டு வைத்திருப்பார்கள், பத்து நிமிடம் முன்னே பின்னே. அதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பழைய உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. "பத்து நிமிஷம்தானா? நம்ம பாசஞ்சர் வண்டிக்கு இது எவ்வளவோ தேவலை."

முதலில் கொஞ்சம் தண்ணீர் எட்டிப் பார்த்து உள்ளே போனது. இரண்டு மூன்று தரம் இப்படி ஏமாற்றிவிட்டு, திடீரென்று ஒரே எழும்பல். 32 முதல் 56 மீட்டர் வரை போகுமாம். குரங்குக் குல்லாவோடு நின்ற அப்பா அண்ணாந்து பார்த்ததைவிடக் கைக்கடிகாரத்தைக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். காரணம், பூங்காக் காவலரான ரேஞ்சர் சொன்ன கணக்கு: பீறிடல் இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கினால் அடுத்தது ஒரு மணி நேரச் சுமாரில் வரும், அதைத் தாண்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் அடங்கினால் குழாயில் தண்ணீர் மிச்சம் இருக்கும், நிரம்ப நேரம் ஆகாது, அவ்வளவுதான்.

அது ஏன் பீறிடுகிறது என்பதற்கு அப்பாவிடம் நான் குக்கரைத்தான் உதாரணம் காட்டினேன். பூங்கா இருக்கிற மலை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் அடியில் இருக்கிற தண்ணீர், மேலே நிற்கிற தண்ணீரின் பாரத்தால் அதைத் தாண்டிச் சூடாகியும் கொதிக்க முடியாமல் கிடக்கும். மேலே கொஞ்சம் வழிந்தால் போதும், பாரம் குறைந்து அடித்தண்ணீர் சட்டென்று கொதித்து, அந்த ஆவி மேலே இருக்கிறதையும் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். கொதிக்கிற குக்கரில் வெயிட்டைத் தூக்கினால் என்ன ஆகும், அதேதான்.

மறுநாள் கிராண்ட் கீசருக்குப் போனோம். நேரம் கணிக்கக்கூடிய கீசர்களில் அதுதான் உயரம், 60 மீட்டர் வரை போகும். ஆனால் அங்கே "பத்து நிமிடம் முன்னே பின்னே" எல்லாம் கிடையாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெஞ்சில் மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்போம். பக்கத்தில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். பல வருடமாக வந்து நேரம் குறிக்கிறாராம். அருகிலிருக்கும் டர்பன் கீசர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளம்பும், கிராண்ட் கிளம்பினால் அதை ஒட்டித்தான் கிளம்பும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான்கு தரம் டர்பன் வந்தது, கிராண்ட் வரவில்லை. எனக்குக் கால் மரத்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் பிளாஸ்க் காபியைப் பகிர்ந்துகொண்டு குளத்தின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது தரம் விளிம்பில் சின்னச் சின்ன அலை. பெரியவர் எழுந்து நின்றார். கூடவே அப்பாவும்.

*

எங்கள் கதை ஹேடன் பள்ளத்தாக்கில். சாலையை மறித்துக்கொண்டு காட்டெருமை (பைசன்) மந்தை, ஐம்பது நிமிடம் அசையவில்லை. ஹார்ன் அடிக்கவும் மனம் வராது, அடிக்கவும் கூடாது. ஒன்று என் பக்கக் கண்ணாடியை உரசுகிற மாதிரி நடந்து போனது. முதுகில் பனி அப்படியே உட்கார்ந்திருந்தது, உருகவே இல்லை. உடம்புச் சூட்டை அந்தக் கம்பளி வெளியே விடுவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

முன்னால் இருந்த காரிலிருந்து ஒருவர் செல்ஃபிக்கு இறங்கினார். எருமை வாலை மேலே தூக்கியது. அதுதான் எச்சரிக்கை. நல்லவேளை, அவர் மனைவி போட்ட சத்தத்தில் உள்ளே ஏறிவிட்டார். 900 கிலோ வரை இருக்கிற அந்த உடம்பு மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், நாம் எங்கே ஓடுவது? காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 23 மீட்டர், கரடி, ஓநாயிடமிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி.

*

என் புலம்பலையும் கேளுங்கள். கூட்டம் இருக்காதே என்று காலை எட்டு மணிக்கே கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வண்ண வெந்நீர் ஊற்றைப் பார்க்கப் போனேன். கூட்டம் இல்லைதான். ஊற்றும் இல்லை! குளிரில் ஆவி கட்டி, எதிரே வெறும் வெள்ளைப் போர்வை. நீலம், ஆரஞ்சு எல்லாம் மதியம் வெயில் ஏறிய பிறகு, ஃபேரி ஃபால்ஸ் பாதையிலிருந்து ஏறிப் பார்த்தபோதுதான் கிடைத்தது. இந்தப் பருவத்தில் அதற்குக் காலை அவசரம் வேண்டாம். இன்னொன்று, விடுதி, சாப்பாட்டுக் கடை எல்லாம் அக்டோபரில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வரும். மூன்று வேளை பிரெட்டும் ஜாமும்தான் எங்களுக்கு.

*

பூங்காவின் வடக்கே இருக்கிற மம்மத்தில் எல்க் ஆண் மான் கத்துவதைக் கேட்க செப்டம்பர் கடைசியில் போங்கள். அவ்வளவு பெரிய கொம்பை வைத்துக்கொண்டு கீச்சென்று விசில் அடிக்கிறது. முதலில் ஏதோ குழந்தை என்று நினைத்தேன்.

லமார் பள்ளத்தாக்கில் விடியற்காலை, முன்பின் தெரியாத ஓர் அம்மா தன் தொலைநோக்கியை எனக்கு விட்டுக்கொடுத்தார். மூன்று ஓநாய்கள், அரிசி அளவில். 1995, 96-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்ட வம்சம். இதைப் பார்த்துப் பூரித்துத் திரும்பினால், பிக்னிக் மேஜை மேல் இருந்த பையின் ஜிப்பை அண்டங்காக்கை திறந்து தயிர்சாத டப்பாவை உருட்டிக்கொண்டிருக்கிறது.

*

மறுபடியும் நான்தான், முதலில் எழுதியவள். காக்கைக்கு ஜிப் திறக்கத் தெரியும் என்பதை அப்பாவிடம் சொன்னேன், நம்ப மறுக்கிறார். இனிமேல் போகிறவர்களுக்கு: கரடியை விரட்டும் காரமான ஸ்ப்ரேயை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் விடமாட்டார்கள், அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். நவம்பர் தொடக்கத்தில் உள்சாலைகளைக் காருக்கு மூடிவிடுவார்கள், வடக்கு வாசலிலிருந்து வடகிழக்கு வாசல் வரை மட்டும் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். அப்பா டைரியில் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லுக்கு ஏழு நேரங்கள் இருக்கின்றன. கடைசி வரியில் "ரைட் டைம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.