வேர் வளராத பல்லுக்கு மறுவளர்ச்சிச் சிகிச்சை: பெற்றோர் அனுபவங்கள்

எட்டு வயதில் கீழே விழுந்ததில் என் மகனின் மேல் முன்பல் அடிபட்டது. வலி விரைவில் அடங்கிவிட்டாலும், சில மாதங்கள் கழித்து ஈறில் சீழ்க் கொப்புளம் தோன்றியது. பல்லின் உள்ளே நரம்பும் ரத்தக்குழாய்களும் அடங்கிய மென்திசுவான பற்கூழ் இறந்துவிட்டதும், வேரின் நுனி மூடாமல் அகன்றே இருப்பதும் பரிசோதனையில் தெரிந்தன. நிலைப்பல் முளைத்தபின் வேர் முழுமையடைய ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும் என்பதால், அதற்குள் பற்கூழ் இறந்துவிட்டால் வேர்ச்சுவர் மெல்லியதாகவே நின்றுவிடுகிறது.

திறந்த நுனியை எம்டிஏ என்ற பல் மருத்துவ சிமெண்டால் அடைப்பது நம்பகமான வழி என்றாலும், அதன்பின் வேர் தடிக்க வாய்ப்பில்லை என்று மருத்துவர் விளக்கியதால், பல்லுக்குள் புதிய திசுவை வளரச்செய்து வேரைத் தடிக்க வைக்க முயலும் மறுவளர்ச்சிச் சிகிச்சைக்கு நாங்கள் ஒப்புக்கொண்டோம். முதல் அமர்வில் வேர்ச்சுவரைச் சுரண்டாமல், கிருமிகளைக் கொல்லும் 1.5 சதவீத சோடியம் ஹைபோகுளோரைட்டால் கழுவி, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமிநீக்க மருந்தை வைத்து மூடினார். சீழ் வற்றிய பிறகு நடந்த அடுத்த அமர்வில், ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் கலக்காத மரப்பு ஊசியைப் போட்டு, வேர்ச்சுவரின் மேற்படிவை நீக்கும் 17 சதவீத இடிடிஏ கரைசலால் கழுவிய பின், மெல்லிய ஊசிக்கருவியை வேர் நுனிக்குச் சற்று அப்பால் செலுத்தி வேண்டுமென்றே ரத்தம் கசியச் செய்தார். ரத்தத்தைக் கண்டாலே பதறும் நான், அது போதுமான அளவு வரவில்லையே என்று ஒரு மருத்துவர் கவலைப்பட்டதை அன்றுதான் பார்த்தேன். நுனியிலுள்ள குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்) உள்ளே வந்து குடியேற அந்த உறைந்த ரத்தமே சாரக்கட்டுபோல் தாங்குகிறது. அதன்மேல் எம்டிஏ வைத்துப் பல்லை அடைத்துவிடுகிறார்கள்.

ஓராண்டுக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் வேர்ச்சுவர் தடித்திருந்தது. நீளம் பெரிதாகக் கூடவில்லை. உள்ளே உருவாவது பெரும்பாலும் எலும்பையும், வேரின் வெளிப்புறத்தை மூடியிருக்கும் வேர்ப்பூச்சையும் ஒத்த திசுவே, அசல் பற்கூழ் அன்று என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததால் எங்களுக்கு ஏமாற்றம் இல்லை.

*

மேலே எழுதியவருக்குக் கிடைத்த வளர்ச்சி எங்கள் மகளுக்குக் கிடைக்கவில்லை. அவளது கீழ் முன்கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பிறவியிலேயே இருந்த சிறு கூம்பு உடைந்து, அதன் வழியே கிருமி உள்ளே புகுந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் வேர் நுனியைச் சுற்றிய எலும்புச் சேதம் ஆறிவிட்டது. வேரோ இருந்தபடியே இருக்கிறது. நோய் அடங்கிப் பல் வாயில் நிலைப்பதே முதல் இலக்கு என்பதால், நான் இதைத் தோல்வியாகக் கருதவில்லை. முன்பல்லுக்குச் செய்துகொள்பவர்கள் மட்டும், மினோசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த மருந்தாலும் சாம்பல் நிற எம்டிஏவாலும் பல் கறுக்கக்கூடும் என்பதால், எந்தப் பொருளைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.